மூன்று சொட்டு பெயிண்ட்

மாமா இருந்தார். அம்மா இருந்தாள். அக்கா, தம்பி, நான். அப்பா வாசலில் ஏணியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ஆயுத பூஜை. எங்கள் ஊர் கௌதள்ளியிலிருந்து மைசூருக்கு வந்து அப்பாவும் மாமாவும் பெயிண்ட் அடிக்கிற வேலை பார்த்தார்கள். பூஜை போட்டுவிட்டால் அன்றைக்குச் சாமானைத் தொடக்கூடாது. அதனால் பந்தயம் பூஜைக்கு முந்தி.

தசரா எக்சிபிஷனுக்குப் பந்தயத்தில் ஜெயிக்கிற ஒரு ஆளைத்தான் கூட்டிப்போவேன் என்று மாமா சொல்லிவிட்டார். ராட்டினமும் உண்டு. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை.

பெயிண்டை இளக்குகிற தின்னர் சரியாகக் கலந்ததா என்று பார்க்க, கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுச் சாய்ப்பார்கள். ஓடுகிற ஓட்டத்தில் தெரிந்துவிடும். அதுதான் எங்கள் பந்தயம்.

மாமா கண்ணாடியைப் படுக்கவைத்துத் துடைத்தார். மேல் ஓரத்தில் மூன்று சொட்டு. எனக்குச் சிவப்பு, தம்பிக்கு நீலம், அக்காவுக்கு மஞ்சள்.

தூக்கிச் சாய்த்தார்.

முதலில் ஒன்றும் நகரவில்லை. சொட்டு அடியில் கனத்து, வயிறு தள்ளி நின்றது. சட்டென்று என் சிவப்பு இறங்கியது. நான் குதித்தேன். தம்பி கன்னடத்தில் "பேக! பேக!" என்று நீலத்தைச் சீக்கிரம் ஓடச் சொல்லி விரட்டினான். நீலம் கோணலாகப் போய் நின்றேவிட்டது.

"ஏண்டா, உன் குதிரைக்குக் கால் நோவா?" என்றார் மாமா.

என் சிவப்பு பாதிக்கு வந்துவிட்டது. வால் நீள நீள, தலை சிறுத்தது. ஓட்டம் குறைந்தது. ஓடு, ஓடு என்று கத்தினேன். அப்போதுதான் மஞ்சள் வந்தது. வழுக்கிக்கொண்டு, நேர்கோடாக, நிற்காமல். என்னைத் தாண்டிச் சட்டத்தில் போய் முட்டியது.

அக்கா கத்தவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தேன். மஞ்சள் ஓடின பக்கம் ஈரமாக மின்னியது. தின்னர் மாதிரியே பெயிண்டை இளக்குகிற டர்பன்டைன் வாடை. எங்கள் பக்கம் காய்ந்து கிடந்தது.

"மாமா ஏமாத்திட்டாரு! அக்கா பக்கம் மட்டும் டர்பன்டைன் துணியால தொடச்சிருக்காரு! இன்னொருக்கா விடணும்!"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா கற்பூரத்தைக் கொளுத்திவிட்டாள்.

"பூஜை ஆயிடுச்சு. இனி யாரும் சாமானத் தொடக்கூடாது."

சாயங்காலம் அக்கா மாமாவோடு சைக்கிளில் எக்சிபிஷனுக்குப் போனாள். ராட்டினத்தில் ஏறினாள். மேலே போனால் அரண்மனை விளக்கெல்லாம் தெரியுது என்று வந்து சொன்னாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

லீவு முடிந்து நானும் தம்பியும் பள்ளிக்கூடம் போனோம். அக்கா வரவில்லை. அவள் பள்ளிக்கூடப் பாவாடை, சட்டை, பை எல்லாம் எனக்கு வந்தது. டிபன் டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு ஊதுபத்தி உருட்டுகிற இடத்துக்கு வேலைக்குப் போனாள். பந்தயத்திலும் ஜெயித்தாள், படிப்பும் கிடையாது, கொடுத்துவைத்தவள் என்று வயிறெரிந்தேன்.

அக்காவுக்கு அப்போது வயது பன்னிரண்டு.