ஆளுக்கொரு சாண்

உமக்கு ஏன் காணும் இந்த விடுப்புக் கேட்கிற வேலை? போனில் ஒரு போர்வையின் படம் வந்தால், வடிவென்று சொல்லிவிட்டு மற்றப் படத்துக்குப் போகவேண்டியதுதானே. யார் தைத்தது, மூலை ஏன் கோணிக்கிடக்கிறது என்று பொலிஸ்காரன் மாதிரிக் கேட்கிறீர். சரி, கேட்டுவிட்டீர். இனிச் சொல்லாவிட்டால் எனக்கும் சோறு இறங்காது. பேசாமல் இருந்து கேளும்.

நாரந்தனையில் எங்கள் மாதர் சங்கத்தில் தையல் தைக்கிறவர்கள் ஒரு கூட்டமாக இருக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சங்கக் கட்டடத்தில் கூடுவோம். ஒவ்வொருத்தியும் தான் தைத்ததைக் கொண்டுவந்து பாயில் விரிப்பாள். சேலைத்துண்டுகளைப் பொருத்திய போர்வை, பூ வேலை செய்த தலையணை உறை, ஓரத்துக்குப் பின்னல் வைத்த மேசைத்துணி, இப்படி ஏதாவது. மற்றவர்கள் முதலில் அதைத் திருப்பிப்போட்டு முடிச்சுகளைப் பார்ப்பார்கள். முன்பக்கம் எல்லாருக்கும் வடிவாகத்தான் வரும். பின்பக்கத்தைப் பார்த்தால்தான் ஆளின் குணம் தெரியும். என்னுடையதைத் திருப்ப நான் விடுவதில்லை.

எங்களில் நல்ல கை, சுருவிலிலிருந்து சைக்கிளில் வருகிற ஒருத்தியுடையது. அவள் தையலுக்குப் பின்பக்கமும் முன்பக்கம்தான். ஆனால் வீம்பு பிடித்தவள். கனடாவில் இருக்கிற ஒரே மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள் என்று அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். மகளும் தாய்க்குப் பிறந்தவள்தானே, அவளும் தகப்பனோடு மட்டும்தான் கதைப்பாள். தகப்பன் போனை லவுட்டில் போடுவார். மகளின் குரல் கேட்டதும் குசினிக்குள் சட்டி பானைச் சத்தம் நின்றுவிடும். கதைத்து முடிந்ததும் சட்டிகள் முன்னைவிடப் பலமாக விழும்.

ஒருநாள் கூட்டம் கலைகிற நேரம் அவள் பாயை விட்டு எழும்பாமல் இருந்தாள்.

"மகள் முழுகாமல் இருக்கிறாள்," என்றாள். "எல்லாரும் சேந்து பிள்ளைக்கு ஒரு போர்வை தைச்சுத் தாருங்கோ. ஆனா நான் கேட்டது எண்டு சொல்லவேண்டாம். சங்கம் அனுப்பினது எண்டு இருக்கட்டும்."

"சங்கத்துக்கு எப்ப பிள்ளை பேரப்பிள்ளை பிறந்தது?" என்று கேட்டேன்.

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"என்ரை கையாலை போனால் திருப்பி அனுப்பிப்போடுவாள், ஆச்சி. திருப்பி அனுப்பினால் பிறகு எனக்கு ஒரு வழியுமில்லை."

அதற்குப் பிறகு நானும் பகிடியை விட்டுவிட்டேன்.

பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் கிடத்துவது எங்கள் வழக்கம் இல்லை. கட்டித் தோய்த்துத் தோய்த்து மெதுமெதுவென்று வந்த நூல் சேலைதான் சின்ன உடம்புக்கு நல்லது. ஆகவே ஆளாளுக்குத் தங்கள் சேலையில் துண்டுகள் வெட்டிக்கொண்டு வருவது, எல்லாவற்றையும் பொருத்துவது என்று முடிவெடுத்தோம். துண்டு எவ்வளவு என்று ஒருத்தி கேட்டாள். "ஒரு சாண் சதுரம்," என்று நாலு பேர் ஒரே வாயில் சொன்னோம். சட்டைத் துணி முதல் பாய் வரைக்கும் சாணாலும் முழத்தாலும் அளந்தே பழகியவர்கள். ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் துண்டுகளைப் பாயில் அடுக்கினோம். ஒன்றும் ஒன்றோடு சேரவில்லை. ஒன்று மூக்குத் துடைக்கிற லேஞ்சி மாதிரி, இன்னொன்று தலையணை உறை மாதிரி. ஒரு சாண் என்று சொன்னோமே தவிர, யாருடைய சாண் என்று சொல்லவில்லை.

மடத்துவெளியிலிருந்து கலியாணம் கட்டி வந்த நெடுவல் ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய துண்டுதான் எல்லாவற்றிலும் பெரிது.

"இது சாணோ? இதிலை நெல்லுக் காயப்போடலாம்," என்றேன்.

"உங்கடை கை சின்னன், மாமி. கடவுள் மிச்சத்தை வாயிலை வைச்சிட்டார்," என்றாள் அவள்.

நாங்கள் சிரித்துக்கொண்டிருக்க, சுருவில்காரி துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடிக்கத் தொடங்கினாள். போர்வையைக் கொண்டுபோக இருந்தவர் கோவில் திருவிழாவுக்கு வந்த கனடாக்காரர். அடுத்தநாள் விடியக் கொழும்புக்கு வெளிக்கிடுகிறார். பெட்டி முழுக்கப் பனங்கிழங்கு ஒடியலும் மிளகாய்த்தூளும். ஒரு ஓரத்தில் எங்கள் போர்வைக்கு இடம் விட்டிருந்தார்.

"விடுங்கோ அக்கா," என்று சங்கத் தலைவியிடம் சொன்னாள். "நடக்காதது நடக்காதுதான்."

"மடிச்சதை விரியும்," என்றேன். "குறையிற இடத்துக்குக் கரை வைச்சால் சரிவரும்."

போர்வைக்கு அடியில் வைக்க அவள் தன்னுடைய சேலை ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். அரக்குக் கரை. அந்தக் கரையைக் கிழித்துக் கீலம் கீலமாக வெட்டினோம். சின்னத்துண்டுகளைச் சுற்றி அகலக் கீலம், நடுத்தரத்துக்கு ஒடுக்கக் கீலம். கீலங்களைப் பொருத்தியது அவள்தான். மடத்துவெளிக்காரியின் துண்டுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. அது அப்படியே நடுவில் ராசா மாதிரி இருந்தது.

வெயில் சாய்வதற்குள் முடிக்கவேண்டும். மெசினில் வைத்தால் தடித்த இடத்தில் ஊசி முறிகிறது. ஆகவே பாயில் போர்வையை விரித்து, நாலு பக்கமும் சுற்றி இருந்து, ஆளுக்கொரு பக்கமாகக் கையால் தைத்தோம். அங்கேதான் மற்றப் பிழை. நான் தளர்த்தித் தைப்பேன். மடத்துவெளிக்காரி மாட்டைக் கட்டுகிறவள் மாதிரி இழுத்துத் தைப்பாள். முடித்துத் தூக்கிப் பார்த்தால் ஒரு மூலை மேலே ஏறி நின்றது. சுருவில்காரி அதைப் பிரித்துத் தைக்க ஊசியை எடுத்தாள். அதற்குள் கனடாக்காரரின் தம்பி வாசலில் மோட்டார்சைக்கிளோடு வந்து ஹோர்ன் அடித்தான். கோணலோடே போர்வை போய்விட்டது.

பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. மகள் போர்வையைப் பற்றித் தகப்பனிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சுருவில்காரி கூட்டத்துக்கு வருவதை விட்டுவிட்டாள். மகள் கூப்பிடுகிற நேரம் எனக்குத் தெரியும். ஒருநாள் அந்த நேரம் பார்த்து, சீனி வாங்க என்று சுருவிலுக்கு ஓட்டோ பிடித்துப் போனேன். வீட்டில் சீனி இருந்தது, அது வேறு கதை.

விறாந்தையில் தகப்பன் போனோடு கதிரையில் இருந்தார். போனில் மகளின் முகம். மகளுக்குப் பக்கத்தில் பிள்ளை அந்தப் போர்வையில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. குசினிக்குள் ஒரு சத்தமும் இல்லை.

"அப்பா, இதை ஆர் தைச்சது?" என்றாள் மகள். "பிள்ளை இதிலை போட்டால்தான் நித்திரை கொள்ளுறாள். ஆனா ஒரு மூலை கோணிப்போய்க் கிடக்கு. எங்கடை அம்மாவின்ரை தையல் இப்பிடி வராதே."

தகப்பன் என்னைப் பார்த்தார். நான் முகட்டைப் பார்த்தேன்.

"அது நான் தைச்ச பக்கம் இல்லை எண்டு சொல்லுங்கோ," என்று குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது.

தகப்பன் போனைக் குசினிப் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"அப்ப எந்தப் பக்கம் தைச்சது எண்டு கேளுங்கோ, அப்பா."

"அரக்குக் கரை முழுக்க நான்தான். தோய்க்கேக்கை சுடுதண்ணியிலை போடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ, சாயம் போம்."

"போன கிழமையே போட்டிட்டன் எண்டு சொல்லுங்கோ."

சுருவில்காரி அகப்பையோடு வெளியே வந்தாள். மனுசனின் கையிலிருந்து போனைப் பறித்தாள்.

"சுடுதண்ணியிலையோ போட்டனி? உனக்கு நான் எத்தினை தரம் சொல்லியிருப்பன்? அடுப்பிலை கறி கிடக்கு, இல்லாட்டி உன்னோடை இண்டைக்கு..."

"கறியை இறக்கிப்போட்டு வாங்கோ அம்மா. நான் போனை வைக்கமாட்டன்."

கறியை நான்தான் இறக்கினேன். அவர்கள் இருவரும் துணி தோய்ப்பதில் தொடங்கி, பிள்ளைக்கு எண்ணெய் வைப்பது, மருமகனுக்கு என்ன கறி பிடிக்கும் என்பது வரைக்கும் சண்டை பிடித்தார்கள். தகப்பன் வெற்றுக் கையோடு கதிரையில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தார். சீனி தர ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

திரும்பி வர, எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் வேலியடிக்கு வந்துவிட்டார்கள். தாயும் மகளும் கதைத்தார்களாமே, கோணலைப் பார்த்து மகள் என்ன சொன்னாள் என்று கேட்டார்கள்.

"கோணலோ? அது வேணுமெண்டு விட்டது," என்றேன். "நேராத் தைச்சிருந்தால் அவள் சங்கத்துக்கு நன்றி எண்டு சொல்லிப்போட்டுப் போனை வைச்சிருப்பாள். உங்கடை பிள்ளையளுக்கும் வேணுமெண்டால் சொல்லுங்கோ, தைச்சுத் தாறம். எத்தினை வருசக் கோவம் எண்டதை மட்டும் முதலே சொல்லிப்போடுங்கோ, அதுக்கேத்தமாதிரி நூலை இழுக்கவேணும்."