ஐந்தாவது ஓட்டை

வேகம் விற்கிற தொழில் என்னுடையது. வாங்க வருகிறவர்கள் எல்லாரும் அவசரக்காரர்கள், விற்கிற நான் அவர்களைவிட அவசரக்காரன்.

கோல சிலாங்கூரில் கணினிச் சாமான் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் எஸ்டேட் எஸ்டேட்டாக டெலிபோன் கம்பி இழுத்தவன். இப்போது அதிகம் கேட்கப்படுவது சுவிட்ச். விளக்கு சுவிட்ச் இல்லை. வீட்டில் உள்ள கணினி, டிவி, கேமரா எல்லாவற்றின் கேபிளும் வந்து சேர்கிற சின்னப் பெட்டி. பழைய பெட்டிகளின் வேகம் ஒரு கிகா. இப்போது இரண்டரை, ஐந்து, பத்து என்று வருகிறது. எது வாங்குவது என்று தெரியாமல் போனை நோண்டி நோண்டிக் கண் எரிந்துபோனவர்களில் நீங்களும் ஒருவராக இருப்பீர்கள். உட்காருங்கள். போன வருடம் ஒரு பெண்ணின் பிழைப்பே இந்தப் பெட்டியில் தொங்கியது. அதையும் சொல்கிறேன். முதலில் சின்னச் சின்ன தலைவலிகள்.

பாயின் பதினாறு

பக்கத்துக் கடை பஷீர் பாய் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் வந்து, கேபிள் சொருகப் பதினாறு ஓட்டை உள்ள பத்து கிகா சுவிட்ச் வேண்டும் என்றார். மருமகன் சொன்னானாம். கடையில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். பில் போடுகிற மெஷின் ஒன்று, பந்து விளையாட்டு காட்டுகிற டிவி ஒன்று, கல்லாவுக்கு மேலே கேமரா ஒன்று. மூன்று.

"மூணுக்கு எதுக்கு பதினாறு? மீதியில பரோட்டா சொருகப் போறியா?" என்றேன். பத்து கிகா பெட்டி விலையும் ஜாஸ்தி, சூடும் ஜாஸ்தி, உள்ளே காத்தாடி ஓடி இரையும். பழைய ஒரு கிகா பெட்டியே உனக்குப் போதும், போ என்றேன். அவர் நகரவில்லை. என் மேசையில் நுரையோடு இருந்த தே தாரிக் டீயை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, நீங்க சாமான் விக்கிறவரா, வர்றவங்கள வெரட்டுறவரா?"

ஆற்றங்கரை இண்டர்நெட்

கம்போங் குவாந்தானில் தங்கும் விடுதி நடத்துகிற செல்வம் வந்தார். மின்மினி பார்க்க வருகிற விருந்தாளிகள் படகிலிருந்து இறங்கியதும் வைஃபை கேட்கிறார்கள், இண்டர்நெட் நகரவே மாட்டேன் என்கிறது, அதனால் வேகமான சுவிட்ச் கொடுங்கள் என்றார்.

இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. உங்களுக்கும் ஒருமுறை. வெளியிலிருந்து வருகிற வேகம் வேறு, வீட்டுக்குள் ஓடுகிற வேகம் வேறு. ரோட்டுக் குழாயில் சொட்டுச் சொட்டாக வந்தால், வீட்டுக்குள் பீப்பாய் கனத்துக்குக் குழாய் போட்டாலும் சொட்டுத்தான். வீட்டுக்குள்ளேயே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பெரிய பெரிய சரக்கை நகர்த்துகிறவனுக்குத்தான் வேக சுவிட்ச். செல்வம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். வெறுங்கையோடு எழுந்தார். வாசலில் நின்று சொன்னார்: "அப்ப எங்க ஊர்ல ஒழுங்கா வேலை செய்யிற லைட்டு அந்தப் பூச்சி மட்டும்தான் லா."

நாலு சாமான்

ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம் இருக்கும். புஞ்சாக் ஆலாமிலிருந்து மல்லிகா வந்தாள், கூடவே நாத்தனார் தேவி. மல்லிகா ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலை ஆரம்பித்திருந்தாள். கிள்ளானில் ஒரு ஸ்டூடியோக்காரர் முதல் கல்யாணத்தைக் கொடுத்திருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுத்தால் வருகிற கல்யாணமெல்லாம் அவளுக்கு. தவறினால் வேறு ஆள். புருஷன் குமார் லோரி ஓட்டுகிறான். ஒரு சம்பளத்தில் வீடு ஓடாது என்று அவள் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா.

நாலு கேமராவில் எடுத்த கல்யாணம் மொத்தமும் ஒரு டிஸ்க் பெட்டியில் இருக்கிறது. அதை வைத்துத் தேவி ஒரு கணினியில் வெட்டுகிறாள், மல்லிகா இன்னொன்றில் சேர்க்கிறாள். பழைய சுவிட்சில் ஒரு தாலி கட்டு திறப்பதற்குள் உலை கொதித்துவிடுகிறது. இதற்குத்தான் வேக சுவிட்ச். என் வாழ்க்கையில் சரியான காரணத்தோடு கடைக்கு வந்த முதல் ஆள் இவள்தான்.

பத்து கிகா வேண்டாம் என்றேன். காத்தாடி இரைச்சலில் நாதஸ்வரம் கேட்காது. இரண்டரை கிகா, ஐந்து ஓட்டை, காத்தாடி இல்லாத இரும்புப் பெட்டி. டிஸ்க் பெட்டியிலும் இரண்டு கணினியிலும் அந்த வேகத்துக்கான ஓட்டை இருக்கிறதா என்று கேட்டேன், இருந்தது. இது இல்லாமல் சுவிட்ச் மட்டும் வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். கேபிளையும் மாற்ற வேண்டுமா என்றாள். வீடு கட்டியபோது போட்ட கேபிளே இதைத் தாங்கும், காசைக் கரியாக்காதே என்றேன். கையில் இருந்தது கண்ணாடி அலமாரியில் பார்வைக்கு வைத்திருந்த ஒன்றுதான். பெட்டி பிரித்தது என்பதால் விலையில் முப்பது வெள்ளி குறைத்தேன். பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு முகப்பில் காய்ந்திருந்தது. கட்டைவிரலை நனைத்து ஒரே அழுத்தாகத் துடைத்துக் கொடுத்தேன். அவள் ரூட்டர், டிஸ்க் பெட்டி, இரண்டு கணினி என்று விரல்விட்டு எண்ணிவிட்டுக் கேட்டாள்: "நாலு சாமானுக்கு அஞ்சு ஓட்டை எதுக்கு அங்கிள்?"

உறை

புதன்கிழமை, மாட்டிய அன்றே, மல்லிகாவிடமிருந்து போன். தேவியின் கணினிக்குப் பச்சை விளக்கு, முழு வேகம். மல்லிகாவின் கணினிக்கு ஆரஞ்சு. பழைய சுவிட்சைவிட மோசமாக நகர்கிறது. இன்னும் இரண்டு நாள்தான். அணைத்துப் போடு என்றேன். போட்டாள். ஆரஞ்சு. வியாழன் காலை கடையைப் பூட்டிவிட்டு வேனை எடுத்தேன்.

போனதும் பிடித்துவிட்டேன். ஹாலில், சுவிட்சுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, இரண்டு பக்கமும் ரப்பர் பேண்ட். நம் வீடுகளில் டிவி ரிமோட்டுக்குப் போடுகிற அதே உறை. உள்ளே தொட்டால் இட்டலிப் பானை. மூச்சு முட்டினால் எப்படி வேலை செய்யும் என்று கத்திக்கொண்டே உருவினேன். கோளாறு கிடைத்துவிட்ட சந்தோஷம் எனக்கு. ஆறட்டும் என்று காத்திருந்தோம். ஆறியது. விளக்கு ஆரஞ்சாகவே இருந்தது. உறையைப் போட்டவன் குமார். லோரிக்குக் கிளம்ப நின்றவன், கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னான்: "ரிமோட்டு எட்டு வருசமா புதுசாவே இருக்கு அங்கிள்."

மேலே

அடுத்து கேபிள். போதும் என்று சொன்னவன் நான்தான். அதை அப்போது யாரும் ஞாபகப்படுத்தவில்லை, அதுவே எனக்குக் கோபம். மல்லிகாவின் அறை மாடியில். கேபிள் கூரைக்குள் போகிறது. எலி கடித்திருக்கும், புதுசு இழுக்கிறேன் என்று ஏணியைப் போட்டேன். "அங்கிள், அந்த அஞ்சாவது ஓட்டைல மாத்திச் சொருகிப் பாக்கட்டா?" என்றாள் மல்லிகா. பெட்டி என் கடைப் பெட்டி, அதில் கோளாறு வராது, நீ போய் உன் வேலையைப் பார் என்றேன். அவளுடைய வேலைதான் ஓடவில்லை. அது எனக்கு ஏறும்போது உறைக்கவில்லை.

கூரைக்குள் இரண்டு மணி நேரம். நடுப்பகல் தகரச் சூடு. கீழிருந்து இரண்டு மூன்று தடவை கூப்பிட்டார்கள். பேசாதீர்கள், வேலையாக இருக்கிறேன் என்று கத்தினேன். புதுக் கேபிளின் ஒரு முனையை, திரையைக்கூடப் பார்க்காமல், மாடியில் கணினிக்குக் கொடுத்தேன், மறு முனையைக் கீழே இறக்கி, சொருகு என்றேன். தேவி சொருகினாள். இறங்கி வந்து பார்த்தால் பச்சை. கல்யாணம் ஆறாக ஓடுகிறது. மல்லிகாவின் முகத்தைப் பார்த்தேன். வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். எலியைப் பற்றி நான் ஒரு பிரசங்கம் செய்தேன். தேவி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க இழுத்தா தப்புமா அங்கிள்."

மூன்றாவது

சாமான்களைப் பையில் போடக் குனிந்தபோது பார்த்தேன். புதுக் கேபிள் ஐந்தாவது ஓட்டையில் இருந்தது. மூன்றாவது காலி. டார்ச் அடித்தேன். உள்ளே சின்னச் சின்னச் செப்புக் கம்பிகள் எட்டு இருக்க வேண்டும். பாதிதான் தெரிந்தது. மீதியின் மேல் மஞ்சளாக அப்பியிருந்தது. மூக்கைக் கொண்டுபோனேன்.

சந்தனம். முகப்பின் நடுவில் வைத்தது. துடைக்கிறேன் என்று கட்டைவிரலால் நான் உள்ளே தள்ளியது. பாதிக் கம்பி பேசாவிட்டால் வேகம் விழத்தான் செய்யும். இந்தப் பாடத்தை நானே பல பேருக்குக் கத்தியிருக்கிறேன். அந்தப் பெண் ஒன்றரை நாள் இழந்தது எலியால் இல்லை, என்னால். சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை முழுக்க எனக்கு வியாபாரம் ஓடவில்லை. கேமரா தெரியவில்லை என்று வந்த பஷீர் பாயிடமும் எரிந்து விழுந்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன அண்ணே, இன்னிக்கு உங்க வீட்டு லைனா அறுந்துபோச்சு?"

ஞாயிற்றுக்கிழமை

பிரிக்காத புதுப் பெட்டி ஒன்றை வரவழைத்து எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே சொல்லிவிட்டேன். என் விரல், என் சந்தனம், உன் கேபிளில் ஒரு குற்றமும் இல்லை, இந்தா வேறு பெட்டி என்று.

மல்லிகாவும் தேவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தேவிதான் வாயைத் திறந்தாள். நான் ஏணியில் ஏறிய ஐந்தாவது நிமிடமே மல்லிகா பழைய கேபிளை ஐந்தாவது ஓட்டைக்கு மாற்றியிருக்கிறாள். உடனே பச்சை. அதைச் சொல்லத்தான் கீழிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். நான்தான் பேசாதே என்றேன். இரண்டு மணி நேரம் நான் கூரைக்குள் வெந்துகொண்டிருக்க, கீழே அவர்கள் பாதிக் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். மஞ்சளாக ஒட்டியிருந்ததையும் அன்றைக்கே பார்த்துவிட்டார்களாம்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"மோர் குடிக்கும்போது உங்க மூஞ்சி அவ்ளோ சந்தோசமா இருந்துச்சு அங்கிள்," என்றாள் தேவி.

வெள்ளி சாயங்காலமே படம் கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஸ்டூடியோக்காரர் அடுத்த மூன்று கல்யாணத்தைக் கொடுத்திருக்கிறார். அதைக் கேட்டு எனக்கு மூச்சு வந்தது. புதுப் பெட்டியை எடுத்துக்கொள் என்று நீட்டினேன். வேண்டாம் என்றாள் மல்லிகா. அப்படியென்றால் பழையதைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று ஸ்பிரிட் பாட்டிலையும் பிரஷையும் எடுத்தேன். மல்லிகா பெட்டியின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள். "கைய வைக்காதீங்க அங்கிள். நாலு ஓட்டை எங்களுக்கு, ஒண்ணு சாமிக்கு."

ஆகவே என்னைப் போல் பட்ட பெருமக்களே, உங்களுக்குத் தேவையான ஓட்டைகளை எண்ணி, ஒன்று கூட்டி வாங்குங்கள், காசு கொடுக்கும் முன் கடைக்காரனின் கட்டைவிரலையும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.