லபக்குவுக்கு ஒரு வாய்

கட்டிவிட்ட கதை என்று யாராவது சொன்னால், அந்தக் காரின் முன் சீட்டில் மூக்கைப் பிடிக்காமல் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்து சொல்லட்டும். அப்புறம் பேசிக்கொள்ளலாம். அப்படி உட்கார்ந்தவள் குருவியின் அம்மா. அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும்.

எதற்கெடுத்தாலும் முகம் சுளிக்கிறவளும் இல்லை. பல் டாக்டரிடம் நர்ஸ் வேலை. அடுத்தவர் வாய்க்குள் கையை விடுவதுதான் அவள் பிழைப்பு. சீழ், ரத்தம், மாதக்கணக்கில் துலக்காத பல், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, மதியச் சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு எழுந்திருப்பாள். அவளுக்கே குமட்டியது என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

குருவி அவளுடைய ஒரே மகள். நாலரை வயது. கொத்திக் கொத்தித் தின்பதால் வந்த பெயர் அது. ஒரு வாய் உள்ளே போவதற்குள் வீடே இரண்டுபடும். கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கொஞ்சினால் சிரிக்கும், மிரட்டினால் அழும், எப்படியும் விழுங்காது. கையும் காலும் குச்சி குச்சியாக, வயிறும் ஒட்டி, பார்க்கவே பாவமாக இருக்கும்.

குழந்தை டாக்டர் ஒரு நாள் கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னும் எடை இறங்குச்சுன்னா அட்மிட் பண்ணி மூக்கு வழியா குழாய் போட்டுத்தாம்மா சாப்பாடு குடுக்கணும். வேற வழியில்ல."

குழாய் போட்ட பிள்ளைகளை அவள் பார்த்திருக்கிறாள். அன்று இரவு முழுக்க அழுதாள்.

மறு வாரம் கணவர் ஒரு காரோடு வந்து நின்றார். அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டி விற்கிறவர். வேலைக்கு ஒரு வண்டி வேண்டும் என்று வெகு நாளாகப் பேச்சு இருந்ததுதான். ஆனால் இப்படி ஒரு வண்டி வரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

டிவியில் லபக்கு என்று ஒரு கார்ட்டூன் வரும். ஊதா நிற நீர்யானைக் குட்டி. கண்ணில் பட்டதையெல்லாம் லபக்கென்று விழுங்கும். "ஒரு வாய்... ஒரே ஒரு வாய்..." என்று கெஞ்சிக்கொண்டே எல்லார் தட்டிலும் வாயை வைக்கும். பிள்ளைகளுக்கு அது என்றால் உயிர். ஒரு கார் கம்பெனி அந்தப் பெயரைப் போட்டுச் சிறப்புப் பதிப்பாகக் கொஞ்சம் சின்ன கார்களை விட்டிருந்தது. அதில் ஒன்று, செகண்ட் ஹேண்டாக, மலிவாக வந்ததாம்.

ஊதா பெயிண்ட். கூரை மேல் இரண்டு குட்டிக் காது. முன் விளக்குகளுக்கு இமை. உள்ளே டேஷ்போர்டில், சாமான் வைக்கும் பெட்டி இருக்குமே, அதுதான் லபக்குவின் வாய். மூடியைத் திறந்தால் மேலுதடும் கீழுதடுமாகப் பிளக்கும். உள்ளே சிவப்பு வெல்வெட்டில் ஒரு நாக்கு.

"இதுல போய் யார் வீட்டுக் கதவையாவது தட்டுனா, வடிகட்டி வாங்குவாங்களா, விரட்டுவாங்களா?" என்றாள்.

"நீ குருவியப் பாரு" என்றார் அவர்.

குருவி காரைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடி அவள் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது.

பிள்ளைக்கு ஊட்டும்போது எல்லா வீட்டிலும் செய்வதுதான். அப்பாவுக்கு ஒரு வாய், அம்மாவுக்கு ஒரு வாய், காக்காவுக்கு ஒரு வாய் என்று பெயர் சொல்லிச் சொல்லி ஏமாற்றுவோம். பெயர் யாருடையதாக இருந்தாலும் சாப்பாடு பிள்ளையின் வாய்க்குத்தான் போகும். கணவர் அதைக் கொஞ்சம் மாற்றினார். அவள் வேலை செய்யும் கிளினிக்கின் பின்பக்கம் வேப்பமர நிழலில் காரை நிறுத்தி, பெட்டியைத் திறந்து, "லபக்குவுக்கு ஒரு வாய்" என்று நிஜமாகவே ஒரு துண்டு ரொட்டியை அந்த வெல்வெட் நாக்கில் வைத்தார். "இப்ப குருவிக்கு ஒரு வாய்."

குருவி வாயைத் திறந்தது.

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு காரில்தான். அவளும் இடைவேளையில் வந்து பின் சீட்டில் உட்கார்ந்துகொள்வாள். ரொட்டி, முட்டை, மசித்த உருளைக்கிழங்கு, பால்சோறு, எது கொண்டுபோனாலும் டப்பா காலியாகும். கணவருக்குத் தலைகால் புரியவில்லை. "டாக்டரு கிழிச்சாரு. நான் பண்ணேன் பாரு வைத்தியம்" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

முதலில் வந்தது வாடை.

பிள்ளை கக்கிய பால் சட்டையில் காய்ந்தால் ஒரு புளித்த வாடை வருமே... அது. கூடவே, காலையில் எழுந்த வாயின் வாடை. கார் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதும். யாரோ மிகக் கிட்டத்தில் வாயைத் திறந்து வைத்திருப்பதுபோல. சீச்சீ.

"மிச்ச மீதியெல்லாம் உள்ளேயே கிடந்து அழுகுது. எடுத்துக் கொட்ட மாட்டீங்களா?" என்று கணவரைக் கடிந்துகொண்டாள்.

"நீதான் தினமும் எடுக்கறேன்னு நினைச்சேன்" என்றார் அவர்.

இருவரும் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். சுத்தமாகக் காலியாக இருந்தது. இத்தனை நாள் வைத்த ரொட்டியில் ஒரு தூள்கூட இல்லை. எறும்பு இல்லை. ஈ இல்லை.

நாக்கு மட்டும் ஈரமாக இருந்தது.

"ஏசி தண்ணி ஒழுகுது" என்றார் கணவர். அந்தக் காரில் ஏசி வேலை செய்வதில்லை.

அந்த வாரம் குருவியை எடை மெஷினில் நிறுத்தினார்கள். டப்பா டப்பாவாகச் சாப்பிட்ட பிள்ளை... எடை இறங்கியிருந்தது. டாக்டர் கோபமாகப் பார்த்தார். "என்னம்மா குடுக்கறீங்க? திங்கக்கிழமை பெட் போட்டு வைக்கிறேன், வந்துருங்க."

அன்று மதியம் பின் சீட்டில் உட்காராமல், கருவிகளைக் கழுவும் அறையின் ஜன்னலில் நின்று பார்த்தாள். முன் சீட்டில் கணவர் ஊட்டுகிறார். குருவி வாங்கிக்கொள்கிறது. கன்னம் உப்புகிறது. அவர் டப்பா பக்கம் திரும்பும்போது, பிள்ளை குனிந்து, வாயிலிருந்ததைப் பெட்டிக்குள் துப்புகிறது. மென்றதை. எச்சிலோடு. தாய்ப்பறவை குஞ்சுக்குக் கொடுப்பது போல, பொறுமையாக, வாயோடு வாய் வைத்து.

அவள் கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

ஓடிப்போய்க் கார் கதவைத் திறந்தாள். "ஏன்டி துப்பற?"

"அதுக்குப் பல்லு சரியில்லையாம்மா. மென்னு குடுக்கச் சொல்லுது."

கணவரின் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பெட்டியைத் துடைத்து, ஆணி அடித்து மூடிவிட வேண்டியதுதான் என்று முடிவெடுத்தாள். அவரை ஆணி வாங்க எதிர்க்கடைக்கு அனுப்பினாள். குருவியைப் பின் சீட்டில் உட்காரவைத்தாள். கையுறை மாட்டிக்கொண்டாள். பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்தாள்.

நல்ல வெயில். வெளியே ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். இருட்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

நாக்கைத் துடைத்தாள். பஞ்சைத் தூக்கியபோது நூல் நூலாக வந்தது. தண்ணீர் இப்படி வராது. அவள் தினமும் பார்ப்பதுதான் அது.

எச்சில்.

வெதுவெதுப்பாக இருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே துடைத்தாள். பின்சுவர் தட்டவில்லை. இன்னும் கையை விட்டாள். மணிக்கட்டு... முழங்கை... இன்னும் தட்டவில்லை.

விரல் எதிலோ பட்டது.

மேலே வரிவரியாக, வழுவழுவென்று. பக்கத்தில் மெத்தென்று ஒரு மேடு. அவள் விரலுக்குத் தெரியாத இடமா? கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வாள்.

அண்ணம்... ஈறு...

அது ஒரு வாய்.

கையை இழுக்கவேண்டும் என்று தெரிந்தது. கை வரவில்லை.

அந்த வாய் மெல்ல மூடிக்கொண்டது.

கடிக்கவில்லை.

சப்... சப்... சப்...

சப்பியது. பசித்த பிள்ளை விரலைச் சப்புவதுபோல.

சப்... சப்...

"எடுக்காதம்மா" என்றது பின் சீட்டில் குருவி. "அதுக்கு இன்னும் போதலையாம்."

பளக்கென்று ஒரு சத்தம். கை வெளியே வந்துவிட்டது. கையுறைக்கு மேலே, முழங்கை வரை, வழவழவென்று வடிந்தது. அந்த வாடை. பிள்ளையை வாரிக்கொண்டு இறங்கினாள். கிளினிக் வாசற்படியிலேயே உட்கார்ந்து, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். ஆணியோடு வந்த கணவர் "என்னாச்சு?" என்று அவள் கையைப் பிடித்தார். அதை மூக்கருகே கொண்டுபோனதுதான் தாமதம், அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

காரை, விற்ற ஆளிடமே அன்றைக்குத் தள்ளிவிட்டு வந்தார் கணவர். அங்கிருந்த மெக்கானிக் பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இரக்கத்தோடு சிரித்தானாம். "இதுக்குள்ள என் மணிக்கட்டே போகலயே சார். பின்னாடி தகரம்தான்."

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்க்கத் தேவையே வரவில்லை. ஞாயிறு காலையில் குருவி தானாக வந்து, "பசிக்குதும்மா" என்றது. அந்த ஒரு வார்த்தைக்காக அவள் எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்! ஊட்டவேண்டிய தேவையே இல்லை. தட்டு காலி. இன்னொரு தட்டு. அதுவும் காலி. அடுத்த வாரம் டாக்டர் மெஷினைப் பார்த்து, அவளைப் பார்த்து, "வெரிகுட், இப்படியே குடுங்க" என்றார். கணவர் தெரு முழுக்க மிட்டாய் கொடுக்காத குறைதான்.

போன மாதம் ஒரு நாள். குருவி ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தது. தட்டில் டக்கென்று ஏதோ விழுந்தது.

ஒரு பால் பல்.

இவ்வளவு சீக்கிரமாகவா என்று அவளுக்கு ஆச்சரியம். கொஞ்சம் பெருமையும்கூட. பிள்ளையை மடியில் போட்டு, வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, எந்த இடத்துப் பல் என்று பார்த்தாள். மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள். மறுபடி எண்ணினாள்.

ஓட்டை எங்கேயும் இல்லை. ரத்தம் இல்லை. எதுவும் ஆடவும் இல்லை.

தட்டிலிருந்த பல்லை விளக்கில் பிடித்துப் பார்த்தாள். பழுப்பேறி, நடுவே கறுத்துச் சொத்தை விழுந்திருந்தது. குருவிக்குச் சொத்தையே கிடையாது.

இதுவரை நான்கு விழுந்துவிட்டன. கணவரிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. குருவியின் பற்கள் இருபதும் முத்து முத்தாக அப்படியே இருக்கின்றன. எடை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.