மண்ணில் போட்ட தையல்

கம்பைநல்லூரில் அமுதவல்லியிடம் பிளவுஸ் தைக்கக் கொடுத்தால் இரண்டாவது முறை அளவு எடுக்க வேண்டியதில்லை என்பார்கள். ஊர்ப் பெண்களின் தோளும் முதுகும் அவள் கைக்கு மனப்பாடம். தன் இடது மார்பில் வந்த கட்டியை மட்டும் ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டுவிட்டாள். சேலத்தில் ஆபரேஷன் செய்து மார்பை எடுத்தார்கள். வீடு திரும்பியவள் பீரோக் கண்ணாடியைத் துண்டு போட்டு மூடினாள். கணவன் மாரியப்பன் எதிரில் புடவை மாற்றுவதையும் நிறுத்திக்கொண்டாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு இடது கை வீங்கிப்போய்த் துணியை இழுத்துப் பிடிக்க முடியவில்லை. எதையாவது பிசைந்துகொண்டே இருக்கும்படி நர்ஸ் சொல்லியிருந்தார். பானை செய்யும் ராமக்காள் அவளிடம் வழக்கமாகத் தைக்கக் கொடுப்பவள். விஷயம் தெரிந்ததும் ஒரு கூடை மண் கொண்டுவந்து வைத்தாள். "இத பெசஞ்சிக்கினே இரு அமுதா, கை எளகிரும்."

பிசைந்த மண் ஒருநாள் தோளாயிற்று. கீழே வலது மார்பும் வந்தது. இடது பக்கத்தில் கை நின்றுவிட்டது. பள்ளமாகவே விட்டாள். காய்ந்ததும் அந்த இடம்தான் விரிசல்விட்டு உடைந்தது. அழுகையோடு கோபமும் வந்தது. அடுத்த சிலையில் அங்கே பெரிய திறப்பாகவே விட்டு, ஈரம் இருக்கும்போதே விளிம்பு நெடுகக் கோணி ஊசியால் துளை போட்டாள். ராமக்காளின் சூளையில் அது முழுசாக வெந்து வந்தது. மிஞ்சிய பிளவுஸ் துண்டுகளை ஒட்டுப்போட்டு, சிவப்பு நூலால் திறப்பை மூடித் தைத்தாள். தையலை மறைக்கவில்லை.

மாரியப்பன் வந்து பார்த்தான். "யாரு இது?"

"நாந்தாங்க."

அவன் தையல்மேல் விரலை வைத்தான். "இன்னும் வலிக்குதா?"

இத்தனை மாதமாக அவன் கேட்காத கேள்வி. அவள் கேட்க விடாததும்கூட. "மழ நாள்ல இழுக்கும்," என்றாள். அன்று அவள் கதவைத் தாழிடாமல் புடவை மாற்றினாள்.

அரூரில் கைவினைக் கண்காட்சி என்று கேள்விப்பட்டு, அதற்குள் அவள் செய்து சேர்த்திருந்த சிலைகளுக்கு அவனே வைக்கோல் சுற்றி டெம்போவில் ஏற்றினான். பார்த்தவர்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். மாரண்டஹள்ளி டீச்சர் நிர்மலாதேவி மட்டும் நகரவில்லை.

"எனக்கு வலது பக்கங்க," என்றாள் மெதுவாக. "என்னையும் செஞ்சி தருவீங்களா?"

"வூட்டுக்கு வாங்க, மண்ணு இருக்குது. நீங்களே செய்யலாம்."

அடுத்த ஞாயிறே டீச்சர் பஸ் ஏறி வந்தாள். அவள் செய்த சிலை சூளையிலிருந்து வந்த அன்று, திறப்பை மூடித் தைக்கத் தன் கல்யாணப் பட்டுப்புடவையைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். கிழிக்கலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அமுதவல்லியிடம் கத்தரியை வாங்கி, முந்தானையில் ஒரு துண்டைத் தானே வெட்டினாள்.