துரை கொடுத்த பொடி டப்பி

கல்கத்தாவில் குதிரை டிராம் போய் மின்சார டிராம் வந்த புதிது. அப்பா கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு பிரெஞ்சு வியாபாரியின் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தார். வியாபாரியை வீட்டில் நாங்கள் துரை என்போம். முதலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் பொதுவாக இருந்தது மூக்குப்பொடி ஒன்றுதான். ஊரிலிருந்து யாராவது வந்தால் அப்பா துரைக்கும் சேர்த்துப் பொடி வரவழைப்பார்.

துரையின் மனைவி காய்ச்சலில் இறந்தபோது, அவருக்கென்று இந்த ஊரில் ஒருவரும் இல்லை. ஆபீஸ் விட்டதும் அப்பா பாலிகஞ்சிலிருந்த அவர் பங்களாவுக்குப் போய்ச் சும்மா கூட உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். அப்படி ஒரு சாயங்காலம் துரை தன் பொடி டப்பியை அப்பா கையில் வைத்தாராம். "எனக்குப் பின்னால் எங்கள் குடும்பத்தில் பொடி போடுகிறவர் யாரும் இல்லை. நீ வைத்துக்கொள்."

முழுத் தங்கம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பக்கங்களில் தண்ணீர் அலைபோல மெல்லிய கோடுகள், விளிம்பில் நீல எனாமல், மூடியில் மரத்தடியில் சாய்ந்திருக்கும் ஒரு பெண். துரையின் முன்னோர் யாரோ பாரிஸில் செய்யச்சொல்லி வாங்கியது. அப்பா அதில் பொடி அடைக்கவே இல்லை. தன் பொடியை வழக்கம்போல வாழைமட்டையில் வைத்துக்கொண்டு, டப்பியைப் பட்டுத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் பூட்டினார்.

சில வருஷங்களில் துரையைப் பக்கவாதம் தாக்கியது. வலது கை விழுந்தது, ஞாபகமும் போயிற்று. ஆபீசைப் பார்த்துக்கொள்ள அவருடைய அண்ணன் மகன் கப்பலில் வந்து சேர்ந்தார். குடும்பச் சொத்தான டப்பி எங்கே என்று அவர் கேட்க, 'மத்ராஜி பாபு' என்று தாங்கள் கூப்பிடும் அப்பாவிடம் இருக்கிறது என்று வேலைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். டப்பியோடு வரும்படி ஆள் வந்தது.

"கொழந்தையையும் அழைச்சிண்டு போங்கோ. இவள்னா துரைக்கு உசிரு. பார்த்தா எல்லாம் ஞாபகம் வந்துடும்" என்றாள் அம்மா. எனக்கு அப்போது பத்து வயது. போகும்போதெல்லாம் துரை கோட்டுப் பையிலிருந்து எனக்குப் பெப்பர்மின்ட் எடுத்துக் கொடுப்பார்.

பங்களா வராந்தாவில் அண்ணன் மகனும் ஒரு போலீஸ் அதிகாரியும் இருந்தார்கள். துரை சாய்வு நாற்காலியில் கிடந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. இடது கையால் பையைத் துழாவி, ஒன்றுமில்லாத கையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டதுபோலச் செய்தேன். அப்பா என் தோளை அழுத்தினார். பிழைத்தோம் என்று நினைத்திருப்பார்.

அண்ணன் மகன் டப்பியைத் துரையின் கையில் வைத்தார். துரை அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "என் டப்பி! எங்கே போயிருந்தது?" என்றார். இங்கிலீஷில் நடந்த பேச்சு முழுவதையும் பிறகு அப்பா அம்மாவிடம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"இவரிடம் இருந்தது. நீங்கள் கொடுத்தீர்களா?"

துரை அப்பாவை வெகுநேரம் பார்த்தார். "இவர் யார்?"

"ஐயா, அன்றைக்கு நீங்களே என் கையில் கொடுத்தீர்கள். மேடம்..." என்று அப்பா ஆரம்பித்தார்.

மேடம் என்றதும் துரை வாசல் பக்கம் திரும்பினார். "அவள் இன்னும் மாதா கோயிலிலிருந்து வரவில்லையா? இருட்டப்போகிறதே?"

அப்பாவின் வாய் திறந்தபடியே இருந்தது. அப்புறம் மூடிக்கொண்டது.

"சொல்லுங்கள். எப்போது கொடுத்தார்?" என்றார் அதிகாரி. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பொருள் கிடைத்துவிட்டதால் வழக்கு வேண்டாம், மறுநாளிலிருந்து ஆபீசுக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பொண்டாட்டி செத்துப்போனப்போ குடுத்தேள்னு சொன்னா என்ன? சொன்னாலாவது ஞாபகம் வந்திருக்குமே!"

"அவருக்கு அவ இன்னும் உசிரோட இருக்காடீ. நான் எப்படிச் சொல்றது?"

"நாம உசிரோட இருக்க வேண்டாமா?"



துறைமுகத்தில் அந்தக் கதை எல்லா ஆபீஸ்களுக்கும் போய்விட்டது. அப்பாவை யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த நம் மனிதர்களும் நின்றுபோனார்கள். துரையைக் கப்பலேற்றி ஊருக்குக் கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்டோம். கடைசியில் நிலக்கரி இறக்கும் இடத்தில் ஒரு ஒப்பந்தக்காரர் அப்பாவைக் கணக்குப் பார்க்க நிறுத்தினார். கரித்தூசியில் வந்த இருமல் பிறகு விடவேயில்லை. இரண்டாவது மழைக்காலத்தில் அப்பா போய்விட்டார்.

அம்மா அதற்கப்புறம் நெடுநாள் இருந்தாள். ஒரு நாளாவது அப்பாவை மன்னிக்கவில்லை. அவர் செய்தது பெரிய காரியம் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. இருக்கலாம். அவரை நினைத்துப் பெருமைப்பட எத்தனையோ தரம் முயன்றிருக்கிறேன். அந்த வருஷங்களில் நாங்கள் பட்ட பசிதான் முதலில் நினைவுக்கு வருகிறது.