நாற்பத்து மூன்று வரி

எண்பதுகளின் கடைசியில் தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் வகுப்பெடுத்தேன். உரிமையாளர் அதற்கு முன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். சத்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, அடிப்பதைப் படித்துத் தப்பு சொல்வது அவர் பழக்கம். எனக்கும், என்னோடு வேலை பார்த்த இன்னொரு டீச்சர் கம்பைநல்லூர்க்காரிக்கும் அது பெரிய எரிச்சல்.

அந்தச் சமயத்தில் அவர் பெங்களூரிலிருந்து ஒரு கலர் மானிட்டரும் கிராபிக்ஸ் கார்டும் வாங்கி வந்தார். கார்டோடு வந்த புத்தகத்தைப் புரட்டியபோது புதிதாக ஒரு மோடு கண்ணில் பட்டது. எழுத்தைக் குட்டையாக்கி, இருபத்தைந்து வரிக்குப் பதில் நாற்பத்து மூன்று வரி காட்டுமாம்.

"அவ்வளவு பொடி எழுத்து பின்னாடி நிக்கறவங்களுக்குத் தெரியுமா?" என்றாள் அவள்.

உரிமையாளருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது எங்களுக்குத் தெரியும். வயதைக் காட்டிவிடும் என்று அவர் கண்ணாடி போடாமலிருந்தார்.

கார்டை அந்த மோடுக்கு மாற்றுவது சுலபம். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத்தான் விஷயம் தெரியாது. அதன் கணக்கில் திரை இருபத்தைந்தாவது வரியோடு முடிந்தது. அழிக்கச் சொன்னால் மேலே மட்டும் துடைத்துவிட்டு, கீழே பழைய குப்பையை அப்படியே விட்டுவிடும். அதனால் திரைக்கு எழுத்தை அனுப்பும் டிரைவர் புரோகிராமை நாங்களே அசெம்பிளி மொழியில் எழுதி, மெஷின் கிளம்பும்போதே அது ஏறிக்கொள்ளும்படி செய்தோம். எல்லாம் மதியச் சாப்பாட்டு வேளையில்தான். முதலில் திரை உருண்டு ஓடியது. பிறகு எழுத்துக்களின் தலை மட்டும் தெரிந்தது. ஒரு மத்தியானம் கர்சர் சமர்த்தாகக் கடைசி வரிக்கு இறங்கிவந்து நின்றது. நாங்கள் மோர்ச்சோற்றுக் கையோடு கைதட்டினோம்.

மறுநாள் அவர் வந்து நின்றார். குனிந்தார், கண்ணைச் சுருக்கினார், "பரவால்லைங்க" என்று நகர்ந்தார். தினமும் அதே கதை. எங்களுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. சனிக்கிழமை ஆசிரியைகள் இருவருக்கும் விடுமுறை, உரிமையாளர் சம்மதித்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் அடித்து, சரியா என்று அவரையே கேட்டோம். ரொம்பச் சரி என்றார். சனிக்கிழமை நாங்கள் வரவில்லை.

திங்கட்கிழமை அவர் மனைவியும் வந்திருந்தார். யாரைக் கேட்டு லீவு போட்டீர்கள் என்று உரிமையாளர் குரலை உயர்த்தினார். என் தோழி அந்தப் பக்கத்தைத் திரையில் வரவழைத்தாள். அவர் மனைவி அதை வாய்விட்டுப் படித்து முடித்து, கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, இது உங்களுக்குத் தெரியலீங்களா? ஒரு வருசமா கண்ணாடி போடுங்கன்னு சொல்றேன். வூட்ல பேப்பரத் தலைகீழா குடுத்தாக்கூட படிச்சுட்டேம்பீங்க."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவரோ எங்களைத் திட்டாமல், தணிந்த குரலில் கேட்டார்: "கண்ணாடி போட்டா கிழவன்னு சொல்ல மாட்டாங்களாம்மா?"

"இன்ஜினியர்னு சொல்லுவாங்க சார்" என்றாள் என் தோழி, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களை வேலைக்கு வரச்சொல்லி அந்த லீவை ஈடுகட்டிக்கொண்டார். அந்த வாரமே சேலம் போய்க் கறுப்புத் தடி பிரேமில் ஒரு கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தார். அதன்பின் பிள்ளைகளைச் சேர்க்க வரும் அப்பாக்களுக்கெல்லாம், பாலக்கோட்டிலிருந்து வந்த தக்காளி வியாபாரி வரைக்கும், நாற்பத்து மூன்று வரியைத் தன்னுடைய யோசனை என்றே காட்டினார். திரையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கியவர்களுக்குத் தன் கண் டாக்டரின் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தனுப்பினார்.