லிம் அந்தோணியின் படச்சுருள்

அந்தமானில் வயர்லெஸ் மெக்கானிக்காக நான் சேர்ந்த புதிது. அறுபதுகளின் நடுவில் என்று வையுங்கள். லாங் ஐலண்டைத் தாண்டி ஒரு தீவு ஸ்டேஷனில் பேட்டரி சார்ஜ் செய்யும் இன்ஜின் மக்கர் செய்தது. நான் தனியாகப் போன முதல் வேலை அது. லாஞ்சில் ஏறியதிலிருந்து ஒரே குதூகலம்.

அங்கே ஆபரேட்டர் லிம் அந்தோணி ஒருவர்தான். அப்பா ரங்கூன் சீனத் தச்சர், அம்மா தூத்துக்குடி. கூட இருந்தவர் மலேரியாவோடு போய் ஏழு மாதம் ஆகியும் பதில் ஆள் வரவில்லை. மைக்கும் கெட்டுக் கிடந்தது. ஆனால் இரண்டு வேளையும் மோர்ஸ் தந்திக் குறியீட்டில் வானிலைச் செய்தி பிசகாமல் வரும். அதனால் ஆபீசில் யாருக்கும் கவலையில்லை.

"அண்ணே, சௌக்கியமா?" என்றேன். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. மேஜையில் விரலால் தட்டினார். மோர்ஸ்! 'ஓ.கே.' என்று தட்டுகிறார். ஏழு மாதமாகப் பேச ஆளில்லாமல் குரலே போயிருக்கிறது.

மதியத்துக்குள் இன்ஜினையும் மைக்கையும் சரிசெய்தேன். அப்போது அவரே ஒரு காகிதச் சுருளை நீட்டினார். மெசேஜ் ஃபாரங்களை ஒட்டி, பின்பக்கம் விளக்குக்கரி மையால் வரைந்தது. அப்பா கற்றுத்தந்த சீன முறை. வலமிருந்து இடமாகப் பிரிக்க வேண்டும்.

பனிமூடிய மலைகள். நகத்தளவு ஒரு மனிதன். அவன் வாய் முகத்திலிருந்து இறங்கி நத்தையாக ஊர்கிறது. அவன் தன் நிழலுக்குத் தேநீர் ஊற்றுகிறான். நிழல் குடித்துக் குடித்துப் பெருத்துக்கொண்டே போகிறது, அவன் வற்றுகிறான். பிறகு நிழல் கட்டிலில் படுத்திருக்க, அவன் சட்டைபோல ஆணியில் தொங்குகிறான். கடைசியில் குடிசை காலி. காலடிகள் மட்டும் கடல்மேல் போகின்றன.

"அப்பா வரையிற மலையில பாலம் ஒண்ணு இருக்கும் தம்பி," என்றார். துருப்பிடித்த குரல். "அதுல சேக்காளி ஒருத்தன் வந்துக்கிட்டிருப்பான்."

"இதுல பாலமே இல்லியேண்ணே?"

"யாரு வாரா?"

"கடைசிப் படத்துல ஆளு எங்கண்ணே?"

கடலைப் பார்த்தார். "போயாச்சு."

இவரை இனி இங்கே தனியே விடக் கூடாது. நாலு மணிக்கு லாஞ்ச் கிளம்பிவிடும். மைக்கைப் பிடித்து ஆபீசரைக் கூப்பிட்டு, லிம்முக்கு லீவு கொடுத்து இதே லாஞ்சில் அனுப்பச் சொன்னேன்.

"ஸ்டேஷன் பந்த் பண்ண முடியாது லாரன்ஸ். லீவு, சுட்டியெல்லாம் அப்புறம்."

"பந்த் வேணாம் சார். நான் இருக்கேன். மோர்ஸ் எனக்கும் தெரியும்."

"நீ மெக்கானிக்யா!"

"சார், இவரு இன்னைக்கு ஏறலேன்னா நாளைக்கு வெதர் அனுப்ப இங்க ஆள் இருக்காது."

"டீக் ஹை, சரி. உன் ரிஸ்க்."

சுருளை லிம் கையில் திணித்தேன். "ஆபீசர் மேஜையில விரிச்சுக் காட்டுங்கண்ணே." தயங்கித் தயங்கித்தான் ஏறினார்.

முதல் மூன்று நாள் எனக்குத் திருவிழா. நானே ராஜா! பத்தாவது நாள் இன்ஜினோடு கோபித்துக்கொண்டு, அதனிடம் பேசுவதை நிறுத்தியிருந்தேன். அது உறைத்தபோது பயந்துபோனேன்.

பத்தொன்பதாம் நாள் லாஞ்ச் சத்தம். லாஞ்சின் முன்முனை அணியத்தில் நின்று ஒருவர் கத்துகிறார்: "லாரன்சு! ஏ தம்பி லாரன்சு!" லிம்தான்! உடுப்போடு நெஞ்சளவு தண்ணீரில் ஓடினேன். கூடவே புது ஆபரேட்டரும் வந்திருந்தார். ஆபீசர் சுருளைக் கடைசிவரை நின்றபடியே பார்த்தாராம். உட்காராமலே, இனி ஸ்டேஷனுக்கு இரண்டு பேர் என்று ஆர்டர் போட்டாராம்.

இளம் மெக்கானிக்குகளுக்கு நான் சொல்வது இதுதான். தீவில் இறங்கியதும் வயர்லெஸ் செட்டைத் திறக்காதீர்கள். முதலில் ஆபரேட்டரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவரைப் பேசவிடுங்கள். இன்ஜின் ஒரு மணி நேரம் காத்திருக்கும்.